விசில் அடித்தால் காடு இறங்கும்

கோவிந்தசாமியின் தலைக்கு மேல் காடு இறங்கியதற்குப் பரமசிவம்தான் காரணம் என்று முல்லைக் கலைமன்றத்தில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். மன்றத்துக்குப் பெயர் வைப்பதற்கே ஏழு கூட்டம் போட்டுச் சண்டை பிடித்தவர்கள் அவர்கள். 1961ஆம் வருஷம் மார்ச் மாதம், இந்த ஒரு விஷயத்தில்தான் ஒன்றுபட்டார்கள்.

காடு என்றால் துணியில் எழுதிய காடு. இருபதடி உயரம், முப்பதடி அகலம், சுருக்கம் விழாமல் இருக்க அடியில் ஒரு முற்றிய மூங்கில். நாடகத்தில் அது நாலாவது காட்சிக்குத்தான் வர வேண்டும். ஆனால் முதல் காட்சியிலேயே, கதாநாயகன் பட்டணத்தில் படிப்பை முடித்து வீட்டுக்குள் நுழைந்து, "அம்மா, உன் மகன் வந்துவிட்டேன்" என்று கைகளை விரித்த நிமிஷத்தில் வந்துவிட்டது.

இந்தத் தப்பு எப்படி நடந்தது என்று தெரிய வேண்டுமானால் மேலே கயிறு பிடித்த ஆட்களின் பிழைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். பரமசிவமும் திரைக்குப் பின்னால் வேலை செய்த மற்ற ஆறு பேரும் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்கள். கப்பல் தளத்தில் இருக்கும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கூப்பிட்டாலும் கேட்காது. அதனால் எல்லாம் விசில்தான். நீளமாக ஒரு விசில் என்றால் இறக்கு. சின்னதாக இரண்டு என்றால் ஏற்று. பதினெட்டு வருஷம் அதில் ஊறிய கைகள், மண்டபத்தில் மேடைக்கு மேலே இருந்த குறுகலான பலகைப் பாலத்தில் ஏறி நின்றபோதும் அந்தப் பழக்கத்திலேயே வேலை செய்தன. அங்கிருந்து பார்த்தால் தொங்கும் படுதாக்களின் முதுகுதான் தெரியும், மேடை தெரியாது. கீழேயிருந்து விளக்குக்காரர் நூருல் அமீன் விசில் கொடுப்பார், மேலே கயிறு ஓடும். ஒத்திகையில் ஒரு பிசகும் இல்லை. ஒத்திகையில் பார்க்கக் கூட்டமும் இல்லை.

நாடகத்தன்று துறைமுகமே திரண்டு வந்திருந்தது. கதாநாயகனாக நடித்த கோவிந்தசாமிதான் துறைமுகத்தில் அவர்களுக்குத் தண்டல். காலையில் வரிசையாக நிற்கும் ஆட்களில் யாருக்கு இன்றைக்கு வேலை, யாருக்கு இல்லை என்று பேர் சொல்லிக் கூப்பிடும் மேஸ்திரி அவர். அப்படிப்பட்ட மனுஷர் கோட்டும் சூட்டும் போட்டு, மீசைக்கு மை தீட்டி மேடையில் தோன்றினால் ஆட்கள் சும்மா இருப்பார்களா? மாடியிலிருந்து ஒருவன் நாக்கை மடித்து, மூச்சு உள்ளவரைக்கும் நீளமாக ஒரு விசில் அடித்தான்.

மேலே பரமசிவம் கயிற்றைத் தளர்த்தினான்.

கூடத்துக்கு நடுவே காடு இறங்குவதைக் கண்ட கூட்டம் சந்தோஷம் தாங்காமல் விட்டு விட்டு விசிலடித்தது. காடு மேலே போனது. மறுபடி ஒரு நீள விசில். காடு கீழே வந்தது. இப்படி மூன்று தடவை ஏறி இறங்கியதில் மூன்றாவது தடவை மூங்கில் கோவிந்தசாமியின் தோளில் வந்து உட்கார்ந்தது. தோள்பட்டை எலும்பில் விரிசல். கையைக் கழுத்தில் தூளி கட்டி மாட்டிக்கொண்டு ஆறு வாரம் அலைந்தார்.

மண்டபத்து மேலாளர் அதிகம் பேசவில்லை. பிராஸ் பாசா பக்கம் இருந்த அந்த மண்டபத்தில் மேடை வேலைக்காரர்களுக்கென்று ஒரு பாதுகாப்புப் பயிற்சி ஆரம்பிக்கப் போகிறார்களாம், ஆறு சனிக்கிழமை. அதில் தேறி நீல அட்டை வாங்கிய ஆள் ஒருவர் இல்லாமல் எந்தக் குழுவும் இனிமேல் கயிற்றைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

கெர்பாவ் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில்தான் மன்றம் கூடும். கீழே மீன் குழம்பு கொதிக்க, மேலே கோவிந்தசாமி கொதித்தார்.

"நீயே போய்ப் படி. அமீனையும் கூட்டிக்கிட்டுப் போ. தேறலன்னா மேடைக்குப் பின்னாடி வராதே லா. வாசல்ல நின்னு டிக்கெட்டு கிழி."

"சரிண்ணே," என்றான் பரமசிவம். பதினெட்டு வருஷமாக அவன் அந்த மனுஷரிடம் சொன்ன வார்த்தைகளை எண்ணினால் பாதிக்கு மேல் அந்த ஒன்றுதான் இருக்கும்.

ஆனால் உள்ளுக்குள் அவனுக்குப் பகீரென்றது. டிக்கெட் கிழிப்பது கேவலமான வேலை இல்லை. அவனுக்குக் கயிறு வேண்டும், அவ்வளவுதான். துறைமுகத்தில் அவன் தூக்கும் மூட்டை யாருடையது, எந்த ஊருக்குப் போகிறது என்று அவனுக்குத் தெரியாது. மேடைக்கு மேலே நின்று ஒரு கயிற்றைத் தளர்த்தினால் அரண்மனை வரும், இன்னொன்றை இழுத்தால் அரண்மனை போய் நிலா வரும். கீழே கூட்டம் "ஆ" என்று வாயைப் பிளக்கும். அந்த "ஆ"வில் ஒரு பங்கு தனக்குரியது என்று அவன் ரகசியமாக நம்பிக்கொண்டிருந்தான். அதை விட அவனுக்கு மனசில்லை.

பயிற்சி கொடுத்தவர் பெயர் ஓங். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வட்டக் கண்ணாடி போட்டுக்கொண்டு, காற்றடித்தால் பறந்துவிடும் உடம்போடு இருந்தார். லண்டனில் நாடக மேடை வேலை கற்றுக்கொண்டு வந்தவராம். படிக்க வந்திருந்தவர்களில் சீன நாடகக் குழுக்காரர்களும் மலாய் நாடகக்காரர்களும் வெள்ளைக்காரர் நாடகக் கழகத்து அம்மாள் ஒருத்தியும் இருந்ததால், பாடம் முழுக்கக் கடைத்தெருப் பேச்சான பசார் மலாயிலும் ஆங்கிலத்திலும் கலந்து கட்டி நடந்தது. அந்த அம்மாளுக்கு மலாய் வராது, பரமசிவத்துக்கு ஆங்கிலம் வராது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிச் சமாளித்தார்கள்.

முதல் சனிக்கிழமை, அவரவர் மேடையில் எப்படி வேலை செய்கிறார்கள் என்று ஓங் கேட்டார். நூருல் அமீன் எழுந்து, மேடை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கத் தாம் கண்டுபிடித்த முறையைப் பெருமையாக விளக்கினார். ஒரு பீப்பாயில் உப்புத் தண்ணீர், அதில் மின்சாரக் கம்பியில் கட்டிய இரும்புத் தகடு. தகட்டை மேலே தூக்கினால் அந்தி சாயும், கீழே இறக்கினால் பொழுது விடியும்.

"பீப்பாய்க்குப் பக்கத்தில் எப்படி நிற்பீர்கள்?" என்று கேட்டார் ஓங்.

"வெறுங்காலோட. ஈரத்துல சிலிப்பரு வழுக்கும் சார்."

ஓங் கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடர்ந்தார்.

பாடம் நன்றாகவே இருந்தது. மேடைக்குள் விசில் கூடாது, விளக்கு வைத்துச் சைகை செய்ய வேண்டும். கயிற்றை எந்த முளையில் எத்தனை சுற்றுச் சுற்றி மாட்டுவது, ஆள் ஏறும் எதையும் அந்த ஆளைப்போல் இரண்டு பங்கு மணல் மூட்டையை ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவது, திரைக்குப் பின்னால் நெருப்பு என்ற பேச்சே கூடாது, கயிற்றைக் கண்ணால் பார்த்தால் போதாது, ஒவ்வொரு தடவையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். இதெல்லாம் பரமசிவத்துக்குச் சட்டென்று பிடிபட்டது. முடிச்சுப் போடுவதில் ஓங்குக்கே இரண்டு முடிச்சு சொல்லிக் கொடுத்தான்.

அவன் சறுக்கியது நாலாவது சனிக்கிழமை. ஆபத்து என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும், எவ்வளவு பெரிய ஆள் எதிரே நின்றாலும், "ஸ்டாப்" என்று கத்த வேண்டும். அந்தச் சத்தம் கேட்டதும் அவரவர் கையில் இருக்கும் கயிற்றை அப்படியே கட்டிவிட வேண்டும். இது பாடம். ஓங் மேடை நடுவில் நின்றுகொண்டார். அவர் தலைக்கு மேலே ஒரு மணல் மூட்டை மெல்ல இறங்கும். ஒவ்வொருவராகக் கத்தி நிறுத்த வேண்டும். சீனக்காரர் கத்தியதில் கூரைப் புறா பறந்தது. வெள்ளைக்கார அம்மாள் கத்தியதில் வாசல் காவல்காரர் ஓடி வந்தார்.

பரமசிவத்தின் முறை வந்தது. மூட்டை இறங்கியது. அவன் வாயைத் திறந்தான். கொழுக்கட்டையை அடைத்த மாதிரி இருந்தது.

"சார்... ஸ்டாப்பு... ப்ளீஸ் சார்..."

மூட்டை ஓங்கின் தலையைத் தொட்டு நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாயா சூடா மாத்தி, மிஸ்டர் பரம்," என்றார். நான் செத்துப்போய்விட்டேன் என்று அர்த்தம். அன்றைக்குப் பரமசிவத்தால் மட்டும் அவர் ஒன்பது தடவை செத்தார்.

பரமசிவத்துக்கு அவமானமாகிவிட்டது. ஆனால் அவனைச் சொல்லியும் குற்றமில்லை. துறைமுகத்தில் நிறுத்து என்று சொல்லும் வாய் ஒன்றே ஒன்றுதான். அது தண்டலின் வாய். மற்றவர்கள் சரிண்ணே என்று சொல்லத்தான் வாய் வைத்திருக்கிறார்கள்.

குவீன்ஸ்டவுன் அடுக்குமாடியில் பரமசிவத்தின் குடும்பத்துக்கு வீடு கிடைத்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஏழாவது மாடி. அந்த வாரம் முழுக்க அவன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு "ஸ்டாப்! ஸ்டாப்!" என்று கத்திப் பழகினான். கீழ்வீட்டுச் சீனர் மேலே ஏறி வந்து, யாருக்காவது ஆஸ்பத்திரி வேண்டுமா என்று கவலையாகக் கேட்டுவிட்டுப் போனார். மனைவி பாக்கியலட்சுமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"தண்ணிக் குழாய்கிட்ட எல்லாம் நல்லாத்தான் கத்துறீங்க. மனுஷங்களைப் பாத்தாத்தான் தொண்டை அடைச்சுக்குது."

"நீ வந்து அந்த எடத்துல நின்னு பாரு, தெரியும்."

"எனக்கு என்னங்க? தண்டல் என்னைய பேர் சொல்லிக் கூப்பிட்டா எனக்கு அடுப்பெரியுது?" அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சரியான இடத்தில் கை வைத்துவிட்டாள்.

ஆறாவது சனிக்கிழமை தேர்வு. ஓங் விஷமக்காரர். மண்டபத்து மேலாளரையே கூப்பிட்டு வந்து, தொங்கும் கம்பத்துக்கு அடியில் ஒன்றும் தெரியாதவர்போல் நடக்க வைத்தார். பரமசிவம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, குளியலறைக் குழாயை நினைத்துக்கொண்டு கத்தினான். மேலாளர் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டார். நீல அட்டையைக் கொடுக்கும்போது ஓங் சிரிக்காமல் ஒன்று கேட்டார்: "என் முதலாளியைப் பார்த்துக் கத்திவிட்டாய். உன் முதலாளியைப் பார்த்துக் கத்துவாயா?"

பரமசிவம் அட்டையைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, தேங்க்யூ சார் என்று மட்டும் சொன்னான்.

அடுத்த நாடகம் ஆகஸ்டில். தோள் சேர்ந்துவிட்ட கோவிந்தசாமி இந்தத் தடவை தரையில் நடந்து வருவதாக இல்லை. இளவரசன் வானத்திலிருந்து அன்னத் தேரில் இறங்கி வர வேண்டும் என்று அவரே கதையில் எழுதிச் சேர்த்தார். மரத்தில் செய்து, வெள்ளைத் துணி போர்த்தி, பஞ்சு ஒட்டிய அன்னம். அதன் நடுவில் ஒரு கம்பு, கம்பின் உச்சியில் ஓர் இரும்பு வளையம், வளையத்தில் ஒரே கயிறு. கோவிந்தசாமியின் எடை நூற்று நாற்பது கட்டி, கிலோவில் சொன்னால் எண்பத்தைந்து. கிரீடமும் கவசமும் தனி.

பரமசிவம் எல்லாவற்றையும் பாடப்படி செய்தான். விசிலை ஒழித்தான். நூருல் அமீன் பீப்பாயைக் கண்ணீரோடு விற்றுவிட்டு, பலகைப் பாலத்தில் இரண்டு சின்ன பல்புகள் மாட்டினார். சிவப்பு என்றால் தயாராக இரு, பச்சை என்றால் இறக்கு. புதுச் சணல் கயிறு, முப்புரிக் கயிறு. சனிக்கிழமை நாடகம், நாலு மணிக்கு. அன்று காலையில் முந்நூறு கட்டி மணல் மூட்டையைத் தேரில் ஏற்றி ஐந்து தடவை இறக்கி ஏற்றினார்கள். ஒரு முனகல்கூட இல்லை.

பூஜை விஷயத்தில்தான் பேச்சு வந்தது. புதுத் தேரில் பூஜை போடாமல் ஏறுவது எப்படி? மேடையில் நெருப்பு கூடாது, வாசலில் வைத்துக் கற்பூரம் காட்டிக்கொள்ளலாம் என்று பரமசிவம் சொன்னான். எல்லாரும் சரி என்றார்கள். கோவிந்தசாமி மட்டும் மூக்கை உறிஞ்சினார். "தேரு உள்ள தொங்குது, சாமிய வெளிய நின்னு கும்புடறதாக்கும்," என்று முணுமுணுத்தார். பரமசிவம் அதைக் கேட்டான். கேட்காத மாதிரி இருந்துவிட்டான். அதற்காகப் பிறகு தன்னையே திட்டிக்கொண்டான்.

நாடகம் களைகட்டியது. அரண்மனை வந்தது, தோட்டம் வந்தது, பல்பு எரிந்தது, கயிறு ஓடியது, எதுவும் யார் தலையிலும் விழவில்லை. இடைவேளைக்குப் பிறகு, பாலத்தின் ஓரமாகத் தொங்கிய அன்னத் தேரில் கோவிந்தசாமி ஏறி உட்கார்ந்தார். தேருக்குக் கீழே மேடைப் பலகை இருபத்திரண்டடி ஆழத்தில் கிடந்தது. வளையத்தைச் சுற்றிக் கயிற்றில் ஒரு முழம் உயரத்துக்கு மல்லிகைச் சரம் நெருக்கமாகச் சுற்றியிருந்தது. காலையில் அது இல்லை. கீழே ஆர்மோனியம் வரவேற்புப் பாட்டை ஆரம்பித்துவிட்டது. கதாநாயகியாக நடித்த டீச்சர் கமலா, வானத்தைப் பார்த்து ஏங்கத் தொடங்கிவிட்டாள். சிவப்பு பல்பு எரிந்தது.

பரமசிவம் பழக்கத்தின்படி கயிற்றை மேலிருந்து கீழாகக் கையால் தடவிக்கொண்டே வந்தான். பூச்சரத்துக்குள் விரலை நுழைத்தான். எடுத்துப் பார்த்தான். உள்ளங்கை கரியாக இருந்தது. மல்லிகை வாசத்தோடு கருகின சணல் வாசமும் வந்தது.

"என்னடா தடவிக்கிட்டு நிக்கிறே? பாட்டு வந்துருச்சு."

"அண்ணே, கயிறு கருகியிருக்கு."

"கற்பூரம் காட்டுனேன். கம்புமேலதான் வச்சேன், கொஞ்சம் கருப்பாயிருச்சு. அதான் பூச்சுத்தி மறைச்சேன்ல."

பரமசிவம் அவர் முகத்தைப் பார்த்தான். துறைமுகத்தில் கயிற்றுக்குப் பக்கத்தில் எவனாவது பீடி பற்றவைத்தால் செவுளில் அறைகிற மனுஷர் இவர். இவருக்கா தெரியாது? தெரியும். ஆனால் கற்பூரத்தை அவர் நெருப்பு என்றே நினைக்கவில்லை. சாமிக்குக் காட்டுவது எதையாவது சுடுமா என்று ஒரு நம்பிக்கை. இதைச் சொன்னால் பரமசிவத்தின் அம்மாகூட அவர் பக்கம்தான் நின்றிருப்பாள்.

"மாத்திரலாம்ணே. கால் மணி நேரம்."

"கூட்டம் உக்காந்திருக்கு, கால் மணி நேரமாம். அது சாமி நெருப்புடா, ஒண்ணும் செய்யாது. இறக்கு."

பச்சை பல்பு எரிந்தது.

கயிறு தாங்கலாம். தாங்கினால் அவன் ஒரு பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான். தாங்காவிட்டால் இந்த மனுஷர் இருபத்திரண்டடி போவார். நிறுத்தினால் ஐந்நூறு பேர் முன்னால் தண்டலின் மானம் போகும், திங்கட்கிழமை காலை வரிசையில் தன் பேர் வராது, செவ்வாயும் வராது. குவீன்ஸ்டவுன் வீடு, பாக்கியலட்சுமி, சின்ன மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் ஒரு நிமிஷத்தில் அவன் கண்முன் வந்துபோயின. அவனுக்குப் பயமாக இருந்தது. அதை மறைத்துப் பிரயோஜனமில்லை.

அவன் யோசிப்பதைப் பார்த்த கோவிந்தசாமி, கயிற்றைப் பிடித்து நின்ற ஆட்கள் பக்கம் திரும்பினார். "ஏய், இறக்குங்கடா!"

அவர்கள் அவர் ஆட்கள். அந்தக் குரலுக்குப் பதினெட்டு வருஷமாகப் பழகிய கைகள். கயிறு தளர்ந்தது. தேர் ஓரடி இறங்கியது.

"ஸ்டாப்!"

அது தன் தொண்டையிலிருந்து வந்த சத்தம் என்பதே பரமசிவத்துக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. ஆர்மோனியம் பாதி சுரத்தில் நின்றது. கமலா டீச்சர் ஏங்குவதை நிறுத்தினாள். கூட்டத்தில் அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தைகூட அடங்கிவிட்டது. ஆட்களின் கைகள் கயிற்றை முளையில் சுற்றிக் கட்டிவிட்டன. அவன்தான் அப்படிப் பழக்கியிருந்தான்.

"எறங்குங்கண்ணே," என்றான். "இந்தக் கயித்துல உங்களை விட மாட்டேன்."

கோவிந்தசாமி அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கவசத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பாலத்தில் கால் வைத்தார். இரும்பு ஏணியில் டங் டங் என்று அவர் இறங்குகிற சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. இளவரசன் பக்கவாட்டுப் படுதாவை விலக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, சாய்ந்த கிரீடத்தோடு நடந்து வந்தார். வேறு வசனம் தெரியாததால் மனப்பாடம் செய்ததையே சொன்னார்.

"வானவீதி வழியாக அன்னத் தேரேறி வந்திருக்கிறேன், இளவரசி!"

கமலாவுக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம். "தேரை எங்கே நிறுத்தினீர்கள், இளவரசே?" என்று கேட்டுவிட்டாள்.

அவ்வளவுதான். கூட்டம் சிரித்த சிரிப்பில் அடுத்த ஐந்து நிமிஷம் நாடகம் நடக்கவில்லை.

மறுநாள் காலையில் சாமான்களைப் பிரிக்க மண்டபத்துக்கு வந்தார்கள். ஆட்களில் ஒருவன், அந்தக் கயிறு அறுமா அறாதா என்று பார்த்துவிடலாம் என்றான். பரமசிவம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. நூற்று நாற்பது கட்டி மணல் மூட்டையை ஏற்றித் தேரை இறக்கினார்கள்.

கயிறு தாங்கியது. அன்னம் ஆடாமல் அசையாமல் மேடையில் வந்து உட்கார்ந்தது.

எல்லாரும் சிரித்தார்கள். "பரமண்ணே, சாமி நெருப்புன்னு தண்டல் அப்பவே சொன்னாரு லா," என்றான் ஒருவன். நூருல் அமீன் மட்டும் சிரிக்காமல் பரமசிவத்தின் தோளில் கை வைத்தார். கோவிந்தசாமி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து, வளையத்திலிருந்து கயிற்றை அவிழ்த்து, சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

பரமசிவத்தின் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான்.

"அறலை பாக்கியம். தாங்கிடுச்சு."

"நல்லதுதானே?"

"அப்ப நான் எதுக்குக் கத்துனேன்? அவரை அத்தனை பேரு முன்னாடி..."

பாக்கியலட்சுமி அவன் தட்டில் ரசத்தை ஊற்றினாள். "அறுந்திருந்தா இப்ப எழவு வீட்ல உக்காந்திருப்பீங்க. அதுக்கு இது தேவலை. சாப்பிடுங்க."

திங்கட்கிழமை ஏழு மணிக்குத் துறைமுகத்தில் வழக்கம்போல் வரிசை. முப்பது பேர் நின்றார்கள். கோவிந்தசாமி பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். வழக்கமாகப் பரமசிவத்தின் பேர் மூன்றாவதாக வரும். மூன்று போனது. பத்து போனது. பதினேழு போனது. கூப்பிடப்பட்டவர்கள் அவன் பக்கம் பார்க்காமல் கப்பலை நோக்கி நடந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். பரமசிவமும் திரும்பினான்.

"நீ எங்க போறே?"

கோவிந்தசாமி அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ராத்திரி தூங்காத கண்கள். பையிலிருந்து ஒரு முழம் கயிற்றை எடுத்து அவன் கையில் வைத்தார். முறுக்கைப் பிரித்து மூன்று புரியையும் தனித்தனியாக விட்டிருந்தார். இரண்டு புரி உள்வரைக்கும் வெந்து, தொட்டால் தூளாகக் கொட்டியது. ஒன்று மட்டும்தான் உயிரோடு இருந்தது.

"அது ஒண்ணுதான்டா நேத்து மூட்டையத் தூக்கிருக்கு," என்றார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பழகிய வாய் இல்லை அது. மீசையைத் தடவினார், கடலைப் பார்த்தார், பிறகு வழக்கமான அதட்டலோடு, "வா, நேரமாச்சு," என்று நடந்தார்.

கப்பலின் அடித்தளத்தில் அன்றைக்கு இரும்புச் சாமான். பளுத் தூக்கும் கயிறுகள் மேல்தளத்தில் வரிசையாகக் கிடந்தன. கூப்பிடப்பட்ட பதினேழு பேரும் ஏணிப்படியருகே காத்து நின்றார்கள். கோவிந்தசாமி பரமசிவத்தைக் கயிறுகளுக்கு முன்னால் நிறுத்தினார். தாமும் ஏணியில் ஒரு கால் வைத்தபடி நின்றுகொண்டார்.

பரமசிவம் முதல் கயிற்றை எடுத்துக் கையால் தடவத் தொடங்கினான். வெயில் ஏறியது. யாரோ முனகினார்கள். தண்டல் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் முனகல் நின்றது. அவன் அவசரப்படவில்லை. கண்ணில் தண்ணீர் வந்து மறைத்ததால் கையை நம்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது. நாலாவது கயிற்றை ஒதுக்கிப் போட்டான். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசிக் கயிற்றையும் பார்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"என்ன பரமசிவம்," என்று கேட்டார் கோவிந்தசாமி, "நாங்க எறங்கலாமா?"